ரப்பருக்கு எண்ணெய்க் குளியல்

போன வியாழக்கிழமை என் மாப்பிள்ளை சுவரோடு பேசினார்.

"கைப்பட்டி ரெண்டும் தளந்து போச்சு. கையத் தூக்குனா காத்து போவுது, எறக்குனா தண்ணி வருது. திங்கக்கெழம எறங்கணும்."

சுவர் பதில் சொல்லவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம், அடுப்படியில் நான் இருந்தேன். எனக்காகச் சொன்னதுதான்.

உங்கள் வீட்டில் எப்படியோ... எங்கள் வீட்டில் மாமியாரும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர் பேசுவதில்லை. மரியாதை. என் மகள் மல்லிகா நடுவில் நின்று, அந்தப் பக்கத்துச் சேதியை இந்தப் பக்கம் சொல்வாள். அவள் நாத்தனார் வளைகாப்புக்குச் சிதம்பரம் போயிருந்தாள். ஆகவே சுவர்.

மாப்பிள்ளைக்குக் கடலூர் துறைமுகத்தில் முங்குகிற வேலை. இரும்புத் தாது ஏற்ற வருகிற கப்பல் கரையை விட்டுத் தள்ளித்தான் நிற்கும். நங்கூரச் சங்கிலி எதிலாவது சிக்கினால் இவர்தான் கீழே போய் எடுக்க வேண்டும். தலைக்குப் பித்தளைக் கவசம். உடம்புக்குக் கெட்டித் துணியும் ரப்பருமாக ஒரே உடுப்பு. காற்று படகிலிருந்து குழாய் வழியாக வரும். கைகள் மட்டும் வெளியே. மணிக்கட்டை ஒரு ரப்பர் பட்டி கவ்விக்கொள்ளும். அது கவ்வாவிட்டால் கடல் உள்ளே வந்துவிடும்.

கவசம் படகிலேயே இருக்கும், உடுப்பு வீட்டுக்கு வரும். உப்புப் போக அலசி நிழலில் காயப்போடுவது என் வேலை — நானே கேட்டு வாங்கிக்கொண்டது. சனிக்கிழமை மாப்பிள்ளை எண்ணெய் தேய்த்துக் குளிப்பார். கிண்ணத்தில் மிஞ்சுகிற நல்லெண்ணெயை வீணாக்குவானேன்? காய்ந்த உடம்புக்கு நல்லது காய்ந்த ரப்பருக்கு ஆகாதா என்ன? இரண்டு பட்டியிலும் அழுத்தித் தேய்ப்பேன். பளபளவென்று மினுங்கும். எனக்குப் பெருமை தாங்காது.

அந்தப் பட்டியை அன்று இழுத்துப் பார்த்தேன். ஒரு விரல் அகலத்துக்குக் கையோடு வந்துவிட்டது. பலாப்பிசின் மாதிரி ஒட்டியது.

புது உடுப்பு மெட்ராஸிலிருந்து வரவேண்டும். வரும், வரும் என்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் வராது.

வெள்ளிக்கிழமை பாசஞ்சர் பிடித்துச் சிதம்பரம் போனேன். கடலூரில் டியூப் கடை இல்லையா? இருக்கிறது. ஆனால் அங்கே எல்லோருக்கும் என்னைத் தெரியும். மாப்பிள்ளை உடுப்புக்கு ஒட்டுப் போட மாமியார் அலைகிறாள் என்று ஏன் பேச வேண்டும்? சிதம்பரத்தில் மல்லிகா இருந்த வீட்டுப் பக்கம்கூடத் தலை காட்டவில்லை.

லாரி டியூப் ஒட்டுகிற கடைக்காரரிடம், கடலில் முங்குகிறவர் உடுப்பு என்று சொல்லி, பிய்ந்து வந்த ரப்பர் துண்டைக் கொடுத்தேன். வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"யாரு ஆயா இதுல எண்ணெ தடவுனது?"

"ஏன்?"

"ரப்பருக்கு எண்ணெ வெஷம். ஊறிக் கூழாப் போயிடும். இத்தப் போட்டுக்கிட்டு ஒருத்தரு தண்ணிக்குள்ள எறங்குறாரா?"

"எறங்குறாரு."

"அவரு மேல யாருக்கோ தீராத பகை போல."

முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டேன். "எங்க தெருவுல ஒரு பொம்பள. ஒண்ணும் தெரியாதவ" என்றேன்.

"அவளக் கிட்ட சேக்காதீங்க."

மோட்டார் சைக்கிள் டியூப் ஒரு முழம், சொல்யூஷன், உப்புத்தாள், ஒரு குப்பியில் கொஞ்சம் பெட்ரோல் — எல்லாம் கொடுத்துப் பக்குவமும் சொல்லி அனுப்பினார். ரயிலில் வரும்போது எத்தனை சனிக்கிழமை தேய்த்தேன் என்று எண்ணினேன். இருபதுக்கு மேல் எண்ண மனம் வரவில்லை.

சனிக்கிழமை காலை உட்கார்ந்தேன். மாப்பிள்ளை கையைத் தொட்டு அளக்க முடியுமா? வாசற்படியில் ஒரு நூலை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அதில் ஒரு முடிச்சு விழுந்திருந்தது. அதுதான் அவர் மணிக்கட்டு அளவு.

உடுப்பின் கையை உலக்கையில் மாட்டினேன். கெட்டுப் போன ரப்பரை நல்லது தெரிகிற வரை வெட்டினேன். பெட்ரோலில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, டியூப்பை வளையமாக வெட்டி, இரண்டிலும் சொல்யூஷன் தடவிக் காத்திருந்தேன். தொட்டால் விரலில் ஒட்டக் கூடாது. அதுவரை பொறுத்துத்தான் சேர்க்க வேண்டும். எனக்கு என்ன அவசரம்?

இரண்டு கையும் முடித்துத் துணி சுற்றி வைத்தபோது, மாப்பிள்ளை குளித்துவிட்டு வந்தார். வாரா வாரம் வைப்பது போலவே, மிச்ச எண்ணெய்க் கிண்ணத்தை உடுப்புப் பக்கத்தில் வைத்தார்.

அந்தக் கிண்ணத்தையே பார்த்தேன்... நான் வாய் திறக்காவிட்டால் இவரும் திறக்க மாட்டார் என்று தோன்றியது.

"மாப்பிள்ள, எண்ணெ ரப்பருக்கு ஆவாது. நான்தான் கெடுத்துட்டேன்."

சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை. அவரைப் பார்த்து.

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே நின்றார். "தெரியும் அத்தை."

"எப்பலேருந்து?"

"மூணாம் வாரத்துலேருந்து. படகுல போயி சோப்பு போட்டுத் தொடச்சிடுவேன். அப்பிடியும் ஊறிப் போச்சு."

"மல்லிகாகிட்டயாவது சொல்லி விட்டிருக்கலாமில்ல?"

"ஆசையா செய்யிறீங்க..." என்று இழுத்தார். "கீழ மூச்சு முட்டுனா கயித்த இழுப்பேன், மேல தூக்கிடுவாங்க. நீங்க மனசு ஒடஞ்சி ஒக்காந்துட்டா நான் எந்தக் கயித்த இழுக்கறது?"

எனக்குக் கோபம்தான் வந்தது. "உங்க உசுர விடவா என் மனசு பெருசு? இனிமே குத்தம் இருந்தா என் மூஞ்சிக்கு நேரா சொல்லணும்."

தலையாட்டினார். மாப்பிள்ளைகள் தலையாட்டுவதை நம்பலாமா?

திங்கட்கிழமை உலை வைத்தேன். அரிசி போட மறந்துவிட்டேன். தண்ணீர் சுண்டிப் பானை தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் தெரிந்தது. மத்தியானம் உடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வந்து நின்றார். உடுப்பின் வலது கைக்குள் என் கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை வரை ஈரமில்லை.

"சங்கிலி எடுத்தாச்சு" என்றார். பழக்கத்தில் ஒரு முறை சுவரைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எடது கையில கசியுது அத்தை. சுண்டுவெரல் பக்கம் ஒட்டு பிரிஞ்சிருக்கு. நீங்க சரியா தேய்க்கல."

மூன்று வருஷத்தில் மாப்பிள்ளை என்னைச் சொன்ன முதல் குறை. உப்புத்தாளைத் தேடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவரும் எதிரே உட்கார்ந்துகொண்டார். "இன்னும் தேய்ங்க." "எவ்வளவு தேய்க்கிறது, கை வலிக்காதா எனக்கு?" "அங்க விட்டுட்டீங்க பாருங்க." இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, பெட்டியோடு மல்லிகா வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னம்மா, ரெண்டு பேருக்கும் சண்டையா?"

ஆமாம் என்றேன். அவ்வளவு பெருமையாக நான் எதற்கும் ஆமாம் சொன்னதில்லை.