மரண அறிவித்தலில் சிவப்புக் கோடு

அந்த வங்கி முகாமையாளரை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. நல்ல மனிதர் என்று ஊரில் சொல்லுவார்கள். கோயிலுக்கு அள்ளிக் கொடுப்பாராம், யாருடனும் சத்தமாகக் கதைக்க மாட்டாராம். இருக்கட்டும். மூன்று மாதம் அவருக்குக் கீழே இருந்தவள் நான்.

நீண்ட விடுமுறையில் ஒரு வங்கியில் பயிற்சி பெற வேண்டும் என்பது எங்கள் பீடத்தின் விதி. முடிவில் முகாமையாளர் ஒரு படிவத்தில் புள்ளி போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். அந்தப் படிவம் இல்லாவிட்டால் பட்டம் இல்லை. எனக்குக் கிடைத்தது சாவகச்சேரியில் ஒரு கிளை. மானிப்பாயிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். பெரிதாக ஏதோ படிக்கப்போகிறேன் என்று புதுச் சேலை இரண்டு வாங்கி வைத்திருந்தேன். முதல் வாரம் முழுக்க ஃபோட்டோக்கொப்பி எடுத்தேன். இரண்டாம் வாரம் வாசலில் நின்று சனங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். மூன்றாம் வாரம்தான் அவருடைய வித்தை தெரிந்தது.

காலையில் வந்ததும் பத்திரிகையில் மரண அறிவித்தல் பக்கத்தை விரிப்பார். எங்கள் ஊர் மரண அறிவித்தலில் பிள்ளைகள், மருமக்கள், சகோதரர்கள் என்று எல்லார் பெயரும் வரும். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அவர் இருக்கிற நாடும் வரும்: கனடா, சுவிஸ், நோர்வே. செத்தவரின் பெயரை இவர் வாசிக்கவே மாட்டார். சிவப்புப் பேனையால் நாடுகளுக்குக் கீழே கோடு இழுப்பார். இரண்டு கோடாவது விழுந்த வீட்டுக்கு ஆள் அனுப்புவார். செத்தவீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து வந்து நிற்பவர்களைப் பிடித்து, அவர்கள் காசை எங்கள் கிளையில் நிலையான வைப்பாகப் போட வைக்க வேண்டும். ஆள் என்றால் யார்? சம்பளம் கொடுக்கத் தேவையில்லாத ஆள். நான்தான்.

"பிரேதம் எடுக்கிற அண்டைக்குப் போகாதையும் பிள்ளை," என்று சொல்லித் தந்தார். "அழுகிற ஆக்களுக்கு வட்டி வீதம் ஏறாது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரைக்கும் பாத்துக்கொண்டிருந்தா ஆக்கள் பறந்திடுவினம். எட்டுச்செலவுப் படையலுக்கு முதல் நாள் போம். அண்டைக்குத்தான் எல்லாரும் சும்மா இருப்பினம்."

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பதை நான் பழமொழியாகத்தான் கேட்டிருந்தேன். அதற்கு நாள் பார்த்துச் சொல்லும் ஆளை அன்றுதான் கண்டேன். கண்டும் என்ன? "ஓம் சேர்" என்றேன். முன்பின் தெரியாத இரண்டு வீடுகளுக்குப் போனேன். முதல் வீட்டில் நாயை அவிழ்த்துவிடாத குறை. இரண்டாம் வீட்டில் இருத்தித் தேத்தண்ணி தந்தார்கள்; செத்தவரோடு ஒன்றாக வேலை செய்தவரின் மகள் என்று நினைத்துவிட்டார்கள். நான் திருத்தாமல் குடித்தேன். அந்தத் தேத்தண்ணியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பிறகு ஒரு விடியற்காலை என் தோழியின் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அவளும் நானும் ஒரே வகுப்பு. பல்கலைக்கழகத்தடியில், திருநெல்வேலியில் ஒரே அறையில் இருந்து படித்தவர்கள். முதலாம் வருடம் எனக்கு டெங்கு வந்தபோது அந்த மனிதர் தென்மராட்சியிலிருந்து பஸ் ஏறி, பப்பாசி இலைச் சாறும் கஞ்சியும் கொண்டு வருவார். நான் குடித்து முடிக்கும்வரை அறை வாசலில் நின்றுவிட்டு, போத்தலை வாங்கிக்கொண்டு திரும்பிப் போவார்.

அன்று பின்னேரம் எடுக்கிறார்கள் என்று அவள் தகவல் போட்டிருந்தாள். அவர்கள் வீடு வங்கியிலிருந்து ஓட்டோவில் பத்து நிமிடம். முகாமையாளரிடம் அரை நாள் லீவு கேட்டேன்.

"சொந்தமோ?"

"இல்லை சேர், சிநேகிதியின்ரை அப்பா."

"சிநேகிதிக்கெல்லாம் லீவு எடுத்தா நான் படிவத்தில என்னத்தை எழுதிறது?"

படிவம் என்றதும் "ஓம் சேர்" என்று வெளியே வந்தேன். உதறிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. மூன்று மணிக்கு ஃபோட்டோக்கொப்பி மெசினுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். இவ்வளவுதான் என் வீரம்.

ஏழாம் நாள் அவரே கூப்பிட்டார். மேசையில் பத்திரிகை. அவளுடைய அப்பாவின் படம். படத்துக்குக் கீழே சிவப்புக் கோடுகள். கனடாவில் இரண்டு சித்தப்பாமார், லண்டனில் ஒரு மாமி.

"உம்மடை சிநேகிதி வீடுதானே இது? முதலே சொல்லியிருக்கலாமே," என்றார், குறைப்பட்டுக்கொள்வது போல. "இண்டைக்குப் பின்னேரம் போம். வங்கிக்குத் திரும்பி வரத் தேவையில்லை."

அப்பாவை எடுத்த அன்று தராத அரை நாளை, காசைக் கண்டதும் தந்தான் மனுசன். வட்டி வீதத் தாள்கள் வைத்த கோப்பு ஒன்றையும் கையில் தந்தார். அதை வாங்கிய கையை என்ன செய்வது?

பந்தல் இன்னும் கழற்றவில்லை. அவள் ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன், பொய்யில்லாமல் அழுதேன். கோப்பு எங்கள் இருவருக்கும் நடுவில் நசிந்துகொண்டிருந்தது. கதிரையில் இருந்த கனடாச் சித்தப்பா அதன்மேல் இருந்த வங்கிச் சின்னத்தைப் பார்த்தார்.

"பாங்கிலையோ வேலை?"

"இல்லை, ட்ரெயினிங்" என்பதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வங்கி வாசலிலும் செத்தவீடுகளிலும் சொல்லிப் பழகிய வாய். அனுதாபம் ஒரு வசனம், வட்டி வீதம் மூன்று வசனம், வெளிநாட்டவர்களுக்கான விசேட கணக்கு இரண்டு வசனம். ஒரு தாளையும் எடுத்து நீட்டிவிட்டேன். சித்தப்பா பழுதில்லாத மனிதர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். அவள் எனக்குத் தேத்தண்ணி கொண்டு வந்தவள், அப்படியே நின்றாள். பிறகு கோப்பையை என் கையில் தராமல் பக்கத்துக் கதிரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

இரண்டு நாள் கழித்துச் சித்தப்பா வங்கிக்கு வந்து, "எங்கடை பிள்ளையோடை படிக்கிற பிள்ளை" என்று என்னை விசாரித்து வைப்புப் போட்டுவிட்டுப் போனார். முகாமையாளர் எல்லாருக்கும் தேத்தண்ணியும் றோல்ஸும் வாங்கிக் கொடுத்தார். பயிற்சி முடிவில் என் படிவத்தில் 'வாடிக்கையாளர் தொடர்பு' என்ற இடத்தில் 'மிகச் சிறப்பு' என்று எழுதினார். அந்தக் கிளையில் அதற்கு முன் ஒரு பயிற்சி மாணவருக்கும் அப்படி எழுதவில்லையாம். எனக்கு அந்தப் பேனையைப் பறித்து முறிக்க வேண்டும்போல் இருந்தது. "நன்றி சேர்" என்றேன்.

பல்கலைக்கழகம் திறந்த அன்று பலாலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றபோது அவளாக வந்து பக்கத்தில் நின்றாள். நான் எப்படித் தொடங்குவது என்று தடுமாறிக்கொண்டிருந்தேன். அவள் சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்பாவை எடுத்த அண்டு, நீ வருவாயெண்டு வாசல் படலையைப் பாத்துக்கொண்டு நிண்டனான்," என்றாள்.

"லீவு தரேல்லையடி."

"பிறகு மட்டும் எப்பிடித் தந்தவை?"

பஸ் வந்தது. அவள் ஏறிவிட்டாள். படிவம் என் பையில் இருந்தது. அடுத்த நாள் அதைப் பீடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.