பனிக்குள் எடுத்த படமும் வெட்டாத காசும்

சென்ற தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், கைப்பையில் ஒரு ரூபாய்க் காசும் ஒரு சின்ன உளியும் வைத்துக்கொண்டு காளியம்மன் கோயிலுக்கு நடந்து போனேன். ஒரு மனிதர் நாசமாகப் போக வேண்டும் என்று கேட்கத்தான் போனேன். சாமி கும்பிடுகிறவள் இப்படிக் கேட்கலாமா என்று நீங்கள் நினைப்பீர்கள். அன்று எனக்கு அந்த யோசனையே இல்லை. பத்து நாளாகச் சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. வயிற்றெரிச்சல் மட்டும்தான் இருந்தது.

நான் ஏற்காட்டில் குடியிருக்கிறேன். வீடியோ எடுப்பது என் தொழில். எந்தக் கம்பெனியிலும் சம்பளத்துக்கு இல்லை. கல்யாணம், காதுகுத்து, விடுதி விளம்பரம் என்று யார் கூப்பிட்டாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போவேன். வீட்டுக்காரர் ஒரு ஓட்டலில் சமையல் வேலை செய்கிறார். கேமரா தவணையில் வாங்கியது. மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று படம் எடுக்க எனக்குத் தைரியம் உண்டு. கூலியைக் கேட்க மட்டும் வாய் வராது. இருப்பதைக் கொடுங்கள், பரவாயில்லை என்று பல்லைக் காட்டிவிட்டு வந்து, வீட்டில் பாத்திரங்களை உருட்டுவேன்.

அதற்கு முந்தைய மாதம், மார்கழியில், சேலத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். கொட்டச்சேடு பக்கம் காப்பித் தோட்டத்துக்குள் இருந்த பழைய பங்களாவை வாங்கித் தங்கும் விடுதியாக மாற்றியிருந்தார். எல்லாரும் அவரை முதலாளி என்பார்கள். விடுதிக்கு ஐந்து நிமிடப் படம் வேண்டும் என்றார். எண்பதாயிரம் என்று பேசினோம். சாமி படத்துக்கு விளக்கேற்றி, வெற்றிலை பாக்குத் தட்டில் இருபதாயிரத்தை வைத்து முன்பணமாகக் கொடுத்தார். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வெற்றிலைத் தட்டில் வாங்கிய பிறகு, காகிதத்தில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்பது எங்கள் பக்கம் மரியாதை இல்லை. நம்பவில்லை என்று ஆகிவிடும். அதனால் நான் எதையும் எழுதி வாங்கவில்லை.

காப்பிப் பழம் பறிக்கும் காலம் அது. தலைச்சோலை என்ற மலைக்கிராமத்திலிருந்து, பழம் பறிக்கும் மாராயி அக்கா தன்னோடு சேர்த்து ஏழு பெண்களைக் கூட்டி வந்தார். இரண்டு நாள் பறிப்பு வேலையை விட்டுவிட்டு என் படத்துக்காக நின்றார்கள். ஒரு நாளைக்கு ஆளுக்கு அறுநூறு ரூபாய், என் பணம் வந்ததும் கையில் தருகிறேன் என்று சொன்னேன். அவர்களும் சரி என்று தலையாட்டினார்கள். அங்கேயும் எழுத்து கிடையாது.

அந்த இரண்டு நாளும் மலை முழுக்கப் பனி. சேலத்திலிருந்து வந்த ட்ரோன்காரர் பெட்டியைத் திறக்காமலே கூலியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். இன்னொரு நாள் எடுக்கலாமா என்று முதலாளிக்குப் போன் செய்தேன். சீசனுக்கு முன்னால் படம் வேண்டும், பனியோடேயே எடுங்கள் என்றார். எடுத்தேன். அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் நான் விழித்திருந்தேனா என்று சந்தேகமாக இருக்கிறது. சில்வர் ஓக் மரங்கள் இருந்த இடத்தில் வெள்ளை மட்டும் நின்றது. பெண்கள் பேசுவது பக்கத்தில் கேட்கும், ஆளைக் காணாது. பிறகு ஒரு சிவப்புச் சேலை மெல்லத் தெரியும், கூடை தெரியும், கடைசியில் முகம் தெரியும். எங்கோ ஒரு பறவை ஒரே குரலைத் திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருந்தது. பங்களாவின் ஓடு ஒரு நொடி தெரியும், மறு நொடி கரைந்துபோகும். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் எடுத்ததில்லை.

படத்தை முடித்து, அதன் மேல் என் பெயர் முத்திரை எதுவும் போடாமல் அப்படியே அனுப்பிவிட்டேன். எங்கள் தொழிலில் மீதிப் பணம் வரும் வரை யாரும் இப்படி அனுப்ப மாட்டார்கள். வெற்றிலை வாங்கியிருக்கிறோமே என்ற நம்பிக்கைதான். நாலு நாள் கழித்து என் கணக்கில் பதினைந்தாயிரம் விழுந்தது. போன் செய்தேன்.

"படம் பூராப் பனிதானுங்கம்மா இருக்குது. என்ற ஊடு எங்க தெரியுது? இதோட முடிச்சுக்கலாம்" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? சரிங்க என்றேன். போனை வைத்துவிட்டு அழுதேன். வீட்டுக்காரர் "போச்சாது, உடு" என்று தட்டில் சோறு போட்டார். அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. வந்த பணத்தில் கேமரா தவணைக்குப் பத்தாயிரம் போக வேண்டும். மிச்சத்தை வைத்து, அந்தப் பெண்களுக்கு ஒரு நாளைக்கு முந்நூறு கொடுத்தால் போதும் என்று மனசுக்குள் முடிவு செய்தேன். அவர்கள் என்ன கேட்கவா போகிறார்கள் என்று நினைத்தேன். ஆனாலும் தலைச்சோலை பஸ்ஸைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எங்கள் பக்கம் காசு வெட்டிப் போடும் வழக்கம் உண்டு. அநியாயம் நடந்தால், நடந்ததை அம்மன் முன்னால் வாய்விட்டுச் சொல்லி, காசை இரண்டாக வெட்டிப் போட வேண்டும். பிறகு தண்டனையை அவள் பார்த்துக்கொள்வாள். அதற்குத்தான் அந்த வெள்ளிக்கிழமை போனேன். மனிதரிடம் கேட்க வாயில்லாதவளுக்கு அதுதான் வழி என்று தோன்றியது.

கோயில் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. வழியெல்லாம் பனி. என் கால் எனக்கே தெரியவில்லை. கோயிலுக்குள்ளும் பனி வந்து, விளக்கைச் சுற்றி மஞ்சளாக நின்றது. பூசாரி என் கையில் உளியைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"நடந்ததுல ஒண்ணு உடாமச் சொல்லிப்போட்டு வெட்டுங்கம்மா. பாதி சொன்னா அம்மா ஏத்துக்க மாட்டாங்க" என்றார். சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டார்.

கல்லில் காசை வைத்தேன். சொல்ல ஆரம்பித்தேன். வெற்றிலைத் தட்டைச் சொன்னேன், பனியைச் சொன்னேன், பதினைந்தாயிரத்தைச் சொன்னேன். உழைத்தவர்களின் கூலியை அறுத்தவர் குடும்பம் விளங்கக் கூடாது தாயே என்றேன். உளியைக் காசின் மேல் வைத்தேன். ஒன்று விடாமல் என்று பூசாரி சொன்னது காதில் நின்றது. இன்னும் என்ன பாக்கி என்று யோசித்தேன். மாராயி அக்கா நினைவுக்கு வந்தார். அறுநூறு சொல்லி முந்நூறு கொடுக்க நான் போட்டிருந்த கணக்கை அம்மாவிடம் சொல்லவே இல்லை.

கை நின்றுவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், யாரோ மணிக்கட்டைப் பிடித்த மாதிரி இருந்தது. உழைத்தவர்களின் கூலியை அறுத்தவர் என்று நான் சொன்ன சாபத்தில் முதலாளி பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. வெட்டியிருந்தால் அது முதலில் என் வீட்டு வாசலுக்குத்தான் வந்திருக்கும். உளியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. தூக்கமா மயக்கமா என்று சொல்லத் தெரியவில்லை. பனி உள்ளே வருவதும் போவதுமாக இருந்தது. அம்மாவின் முகம் மறையும், பிறகு மூக்குத்தி மட்டும் தெரியும், பிறகு கண். பத்து நாள் எரிச்சல் என்னை விட்டு இறங்கிப் போனதை நான் உணர்ந்தேன். அழுகை கூட வரவில்லை. அப்போது கேட்டேன். அவர் கெட வேண்டாம் தாயே. அந்தப் பெண்களின் காசை முழுசாகக் கொடுக்க எனக்கு மனசு கொடு. என் காசைக் கேட்க எனக்கு வாய் கொடு. இவ்வளவுதான் என் பிரார்த்தனை.

மனசு அங்கேயே கிடைத்துவிட்டது. அதே காலில் தலைச்சோலைக்குப் பஸ் ஏறினேன். எட்டாயிரத்து நானூறு ரூபாயை எண்ணி மாராயி அக்கா கையில் வைத்தேன். தவணை என்ன ஆகும் என்று பயமாகத்தான் இருந்தது. நான் கொடுக்க நினைத்திருந்த முந்நூறையும் மறைக்காமல் சொன்னேன். அவர் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு படத்தைக் காட்டச் சொன்னார். ஏழு பேரும் என் போனைச் சுற்றி நெருங்கிக்கொண்டு, பனிக்குள்ளிருந்து தாங்களே நடந்து வருவதைப் பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்னொருத்தி மறுபடி போடச் சொன்னாள். வீடு தெரியவில்லை என்று பணத்தைக் குறைத்துவிட்டார் என்றேன்.

மாராயி அக்காவுக்கு அது விளங்கவே இல்லை. "ஏங் கண்ணு, ஊடு வர்ற சனங்க ஊர்ல இல்லையா? பனியப் பாக்கத்தான அத்தன பேரும் மேல வராங்க" என்றார்.

நாலு வருடம் படித்து, பத்து வருடம் தொழில் செய்த எனக்கு வராத வார்த்தை அது. அம்மன் அக்காவின் வாய் வழியாக எனக்கு வார்த்தை கொடுத்தாள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் திரும்பும்போதுதான் தெரிந்தது.

மறுநாள் பங்களாவுக்குப் போனேன். வரவேற்பறைச் சுவரில் பெரிய டிவியில் என் படம் ஓடிக்கொண்டிருந்தது. சமவெளியிலிருந்து வந்த ஒரு குடும்பம், பெட்டி படுக்கையைக் கூட உள்ளே கொண்டுபோகாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் குடும்பத்து அம்மா, நாளைக் காலையில் இப்படிப் பனி இருக்குமா என்று முதலாளியிடமே கேட்டார். அவர் பெருமையாகத் தலையாட்டினார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

எனக்கு வாய் வந்தது. குரல் உயரவில்லை. பனியில் நடப்பது போலவே மெதுவாக வந்தது பேச்சு. "ஏனுங்க, படம் புடிக்கலைன்னா எடுத்துப்போடுங்க. நான் உங்க பணத்தத் திருப்பிக் குடுத்தர்றேன். புடிச்சிருந்தா வெத்தலைல வெச்சுப் பேசினதக் குடுங்க" என்றேன்.

அவர் டிவியைப் பார்த்தார். அந்தக் குடும்பத்தைப் பார்த்தார். என்னை உட்காரச் சொல்லி டீ கொண்டுவரச் சொன்னார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. டீ ஆறுவதற்குள் இருபத்தைந்தாயிரம் என் போனில் வந்தது. மீதி இருபதாயிரம் அடுத்த திங்கட்கிழமை வந்தது. நான் கேட்காமலே வந்தது. தவணை இரண்டு நாள் தள்ளிப் போனதற்கு அபராதம் கட்டினேன். அதைச் சந்தோஷமாகவே கட்டினேன்.

இப்போதும் வெற்றிலைத் தட்டில்தான் முன்பணம் வாங்குகிறேன். தட்டில் கையெழுத்துப் போட்ட காகிதமும் இருக்கும். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. என்னோடு வேலை செய்கிறவர்களின் கூலியை அன்று சாயங்காலமே கொடுத்துவிடுகிறேன். ஏழு பேரில் இரண்டு பேர், அடுத்த படம் எப்போது என்று சந்தையில் பார்க்கும்போதெல்லாம் விசாரிக்கிறார்கள்.

என்னைப் போல வாயில்லாமல் தவிக்கிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். உழைப்புக்குக் கூலி வராமல், யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அழுதுகொண்டிருப்பீர்கள். அம்மாவிடம் போங்கள். உளி வேண்டாம். நடந்ததையெல்லாம் சொல்லுங்கள், அடுத்தவர் செய்ததையும் நீங்கள் செய்ததையும் சேர்த்தே சொல்லுங்கள். முழுசாகச் சொல்லி முடித்த பிறகு எழுந்து போய், தர வேண்டியவர் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். எனக்கு அன்று வந்த குரல் என்னுடையதில்லை. உங்களுக்கும் அவள் அதைக் கொடுப்பாள்.