ஒரு பறவைக்கு இரண்டு பெயர் எழுதினேன்

1. சேற்றில்

கள ஆய்வுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "தெரியலன்னா என்ன எழுதறது?" என்பதுதான். பதிலாக இதைச் சொல்கிறேன்.

முட்டுக்காட்டுக்குத் தெற்கே, கழிமுகத்தை ஒட்டிய சேற்றுத்திட்டில் ஒரு தனியார் படகுத்துறை வர இருந்தது. அதற்கான சுற்றுச்சூழல் அறிக்கையில் பறவைப் பகுதி என் பொறுப்பு. ஆய்வின் கடைசிக் காலையில், உப்புக்கொத்திக் கூட்டத்தின் நடுவே சற்றுப் பருத்த சாம்பல் நிறப் பறவை ஒன்று ஸ்கோப்பில் தெரிந்தது. 'நாட்' எனப்படும், பனிக்காலத்தில் வலசை வரும் உள்ளான் வகை, அதில் சந்தேகமில்லை. ரெட் நாட்டா, கிரேட் நாட்டா? இரண்டுமே இந்தக் கரைக்கு அரிது. கிரேட் நாட் அழியும் ஆபத்தில் உள்ள இனம். அது இருந்தால் படகுத்துறைக்கு அனுமதி கிடைப்பது கடினம்.

நான் பார்க்க வேண்டியவை மூன்று; மூன்றுக்கும் 'ஆம்' என்றால் கிரேட் நாட்.

அ) அலகு தலையைவிட நீளமா? முதுகுச் சிறகில் செருகிக்கொண்டு தூங்கியது.
ஆ) மார்பில் புள்ளிகள் அடர்த்தியா? ஓரளவு.
இ) பறக்கும்போது வாலுக்கு மேலே வெள்ளையா? மோட்டார் படகு ஒன்று வந்தது. பறவை வெயிலுக்கு நேராகப் பறந்தது. கருப்பு உருவம்தான் தெரிந்தது.

அந்தத் திட்டில் கையால் இறால் தடவிப் பிழைப்பவர் குப்பம்மா. துறை வந்தால் அவருக்கு அந்த இடம் இல்லை. பிடித்த இறாலைப் போட வாயில் கவ்வியிருந்த ஓலைப்பறியை எடுத்துவிட்டுக் கேட்டார்.

"இன்னா மேடம், பேர் கெடச்சுதா?"

"ரெண்டுல ஒண்ணு, அக்கா. எதுன்னு சொல்ல முடியல."

"எது இருந்தா வேலை நிக்கும்?"

சொன்னேன்.

"அப்ப அத்தயே எழுது. குருவி இன்னா, கோர்ட்டுக்கு வந்து நான் அவ இல்லன்னு சொல்லப் போவுதா?"

சிரித்துவிட்டேன். "எழுத மாட்டேன்க்கா. போட்டோ எங்கன்னு கேப்பாங்க. இல்லன்னா, நான் எழுதின மீதியும் பொய்யின்னு தூக்கிப் போட்டுடுவாங்க."

"படிச்சவ பேச்சு. எங்க வயிறு கீதே, அதுக்கு இன்னா பேர் எழுதுவ?"

பறியைக் கவ்விக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்.

2. கூடுவாஞ்சேரி ஆபீஸில்

அறிக்கை தயாரிக்கும் எங்கள் கம்பெனியின் மேனேஜர் டிராஃப்டைப் பார்த்தார். "எதுன்னே தெரியலல்ல? எடுத்துடு."

"நாட்டுன்னு தெரியும் சார். எந்த நாட்டுன்னுதான் தெரியல."

"அப்ப 'உள்ளான் வகை'ன்னு மத்ததோட சேத்துடு. எல்லாம் ஒரே குடும்பம்தானே."

"புலியும் பூனையும்கூட ஒரே குடும்பம்தான் சார்."

"எனக்கு கிளாஸ் எடுக்காதம்மா. கிளையன்ட் வெளிய உக்காந்துருக்கார்."

நான் எழுதியிருந்தது இதுதான்: 'ரெட் நாட் அல்லது கிரேட் நாட், ஒன்று. அலகும் வாலின் மேற்புறமும் பார்க்கக் கிடைக்கவில்லை. அடுத்த பனிக்காலத்தில், நீர் வற்றும் நேரத்தில் மறு ஆய்வு தேவை.'

"இந்த வரி போனா என் கையெழுத்தும் போயிடும் சார்," என்றேன். பறவைப் பகுதிக்கு நிபுணர் கையெழுத்து கட்டாயம். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அடுத்த புராஜெக்ட்ல நீ இல்ல."

"சரி சார்."

வரி அப்படியே போனது. நான் வேறு வேலை தேடிக்கொண்டேன்.

3. பிறகு

அறிக்கையைப் பரிசீலித்த குழு அந்த வரியில் நின்றது. மறு ஆய்வு முடியும்வரை வேலை தொடங்கக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். குப்பம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"ஆக, பேர் தெரியாத குருவிதான் நிறுத்தி வச்சிகினு கீதா?"

"அடுத்த பனிக்காலம் வரைக்கும்தான்க்கா. அது ரெட் நாட்டுன்னு தெரிஞ்சா, யார் கேட்டாலும் ரெட் நாட்டுன்னுதான் சொல்வேன்."

"சொல்லு, சொல்லு. உன்ன யாரு திருத்துறது. அதுவரைக்கும் நான் தடவிகினு இருக்கேன்."

கேட்டவர்களுக்கு என் பதில்: எதுவரை தெரியுமோ அதுவரை எழுதுங்கள். அதற்குமேல் ஏன் தெரியவில்லை என்பதையும் எழுதுங்கள். கீழே கையெழுத்துப் போடுங்கள். பிறகு, கூட்டச் சொன்னாலும் குறைக்கச் சொன்னாலும், கேட்பவர் உங்களுக்கு எவ்வளவு வேண்டியவரானாலும், அந்த வரியில் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.