ஒன்பதைக் கவிழ்த்தால் ஆறு

டாக்டர் கம்ஜோனின் படம் இல்லாத சமையலறை எங்கள் வட்டாரத்தில் கிடையாது. பட்டமளிப்பு அங்கியும் தொப்பியுமாகச் சிரிப்பார். தலைக்கு மேல் நீல மேகம், மார்புக்குக் கீழே கொட்டை எழுத்தில் ஒன்பது. தலைவர் என்று யாரும் மாட்டி வைத்த படமல்ல, உப்பில் புளிக்கவைத்த ஊறல்மீன் சாறு பாட்டிலின் லேபிள். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளப் பப்பாளிக்காய் இடிக்கிற வீட்டில் அந்தப் பாட்டில் இல்லாமல் எப்படி? எங்கள் வீட்டுச் சுவரில் என் பட்டமளிப்புப் படம், நேர் கீழே அலமாரியில் அவருடையது. குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது என்பதால் நான் மேலே.

அவர் நோங் சிம் ஊர் லாரி டிரைவரின் மகன். அரசு உதவித்தொகையில் வெளிநாடு போய் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். பாங்காக்கில் நெல்விலை எப்படிப் போகும் என்று முன்கூட்டியே சொல்கிற ஓர் அலுவலகத்தில் பதினாறு வருடம் உட்கார்ந்தார். சொன்னது ஒன்று, நடந்தது ஒன்று. எங்கள் விவசாயிகளுக்கு அதனாலேயே அவர்மேல் தனி மரியாதை. டாக்டர் ஏறும் என்றால் அன்றைக்கே விற்றார்கள், இறங்கும் என்றால் களஞ்சியத்தைப் பூட்டினார்கள். அவர் பேச்சை இவ்வளவு உன்னிப்பாகக் கேட்டவர்கள் பாங்காக்கில்கூட இருந்திருக்க மாட்டார்கள்.

பிறகு வேலையை விட்டுவிட்டு ஊறல்மீன் கம்பெனி ஆரம்பித்தார். நானூறு கல்லூரி மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து விசாரித்ததில், எல்லோருக்கும் பிரச்சினை அந்த வாசனைதான் என்று தெரிந்ததாம். ஆகவே வாசனையே இல்லாத ஊறல்மீன். எங்கள் ஊர்ப் பெண்கள் மூடியைத் திறந்து மோந்தார்கள், மறுபடி மோந்தார்கள், செத்த தண்ணீர் என்று திருப்பிக் கொடுத்தார்கள். கம்பெனி மூழ்கப் போன நேரத்தில் அவர் மனைவி சம்ருவாய் உள்ளே வந்தாள். அவள் பத்தாம் வகுப்பு. வாசனையைத் திரும்பப் போட்டாள். புருஷனின் படத்தையும் போட்டாள், படித்த ஆள் செய்தது சுத்தமாக இருக்கும் என்று ஜனங்கள் நம்புவார்கள் என்பதால். ராசிக்கு ஒன்பதையும் போட்டாள். எங்கள் பேச்சில் ஒன்பது 'காவ்'. முன்னேறு என்கிற சொல்லும் கிட்டத்தட்ட அதே ஒலிதான். பாட்டில் பறந்தது. அதன்பின் தொழிற்சாலையில் டாக்டருக்கு இருந்த ஒரே வேலை லேபிளில் சிரிப்பது.

அது அவரை அரித்துக்கொண்டே இருந்தது. ஐம்பத்தைந்து வயதில் நாடாளுமன்றத் தேர்தலுக்கு நிற்பேன் என்றார். சம்ருவாய் தடுக்கவில்லை.

"ஒரு தடவதான். நெல்லுல தோத்தாச்சு, மீன்லயும் தோத்தாச்சு. இதுலயும் தோத்தீங்கன்னா காலைல ஏழு மணி ஷிப்டுக்கு மத்தவங்களோட வந்து நிக்கணும். தலைக்கு வலை, கைக்கு உறை. மேனேஜர் சொல்றத கேக்கணும். மேனேஜர் நான்தான்."

சரி என்றார். வேறென்ன சொல்வார்?

வேட்புமனு முதல்நாள் எண் குலுக்கல். எங்கள் வாக்குச்சீட்டில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அதனால் மற்ற வேட்பாளர்கள் எல்லாம் கைக்கு மந்திரித்த நூல் கட்டி, வலதுகாலை முன்வைத்து வந்தார்கள். டாக்டர் வெறுங்கையோடு வந்தார். பத்து எண்ணுக்கும் வாய்ப்பு சமம் என்று அங்கிருந்த போலீஸ்காரருக்கு விளக்கிக்கொண்டே துண்டுச்சீட்டை எடுத்தார். ஆறு.

ஆறு என்றால் 'ஹொக்'. சிந்துவதற்கும் அதே சொல். பொய்க்கு எங்கள் சொல் 'கோஹொக்', அதற்குள்ளும் ஆறு உட்கார்ந்திருக்கிறது. கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டது. அடுத்து எடுத்தவர் பழைய ஊர்த்தலைவர் தோங்சாய், எந்தச் சாவு வீட்டிலும் முதல் நாற்காலியில் தெரிகிற மனிதர். அவர் கைக்கு வந்தது ஒன்பது.

தோங்சாய் அதன்பின் போஸ்டர்கூட அதிகம் ஒட்டவில்லை. ஊர் ஊராகப் போய் ஒரே வாக்கியம் பேசினார்: "மீன் பாட்டில்ல இருக்கிற நம்பருக்குப் போடுங்க." ஒவ்வொரு சமையலறையிலும் டாக்டரே சிரித்துக்கொண்டு எதிராளிக்கு ஓட்டுக் கேட்டார்.

அப்போதுதான் டாக்டருக்கு வாழ்க்கையில் முதல்தடவையாக நல்ல யோசனை ஒன்று வந்தது. பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தால் ஒன்பது ஆறாகிறது. கவிழ்த்தால் சிந்தும், சிந்தினால் ஹொக், ஹொக் என்றால் ஆறு. பிரசார வண்டியின் மேல் ஆள் உயரத்துக்கு ஒரு பாட்டிலைத் தலைகீழாக நட்டார். அவர் படமும் தலைகீழாகத்தான் சிரித்தது. பாட்டிலைக் கொடுத்தால் தேர்தல் அதிகாரி பிடிப்பார், காட்டினால் பிடிக்கமாட்டார். "திருப்பிப் போடுங்க, ஹொக்!" என்று ஒலிபெருக்கி மூன்று வாரம் கத்தியது. ஊரே சிரித்தது. சிரித்தவர்கள் மறக்கமாட்டார்கள் என்று டாக்டர் கணித்தார். அவருடைய கணிப்பில் பலித்தது இது ஒன்றுதான், அதுவும் பலித்த விதம் வேறு.

இந்த யோசனையை ரொம்பவும் பிடித்துக்கொண்டவள் புன்மா அக்கா. மூன்று ஊர்ச் சாவு வீடுகளுக்குச் சமைக்கிற பெண்கள் கோஷ்டிக்கு அவள்தான் தலைவி. டாக்டரோடு ஒரே பள்ளியில் படித்தவள். வெங்காயம் நறுக்கும்போதெல்லாம், திருப்பணும் மறந்துராதீங்கடி என்று பாடம் நடத்தினாள்.

வாக்குப்பதிவு அன்று பள்ளிக்கூட வாசலில் டாக்டர் வரிசையில் நின்றார். நான் அவருடைய பூத் ஏஜென்ட், உள்ளே நாற்காலியில். வாக்களித்துவிட்டு வெளியே வந்த புன்மா அக்கா அவரைப் பார்த்ததும் நின்றாள்.

"சொன்ன மாதிரியே செஞ்சேன் தம்பி. சீட்ட அப்படியே தலகீழா திருப்பி வச்சு, ஆற தேடிப் பிடிச்சுக் குத்திட்டேன்."

டாக்டரின் முகம் வெளுத்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சீட்டைத் திருப்பினால் ஆறாகத் தெரிவது ஒன்பது. அவருக்குப் பின்னால் கோஷ்டிப் பெண்கள் முப்பது பேர் நின்றார்கள். அவர்களில் ஒருத்தி, சந்தேகமாகவே இருக்கிறது என்று முன்னால் வந்தாள்.

"டாக்டரே, திருப்ப வேண்டியது சீட்டயா, பாட்டிலயா?"

முந்தின நாள் மாலையோடு பிரசாரம் முடிந்துவிட்டது. இனி வேட்பாளர் ஒரு வார்த்தை பேசினாலும் வழக்கு. இரண்டடி தள்ளி நின்ற அதிகாரி டாக்டரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் ஆகாயத்தைப் பார்த்துச் செருமினார். அந்தப் பெண் அவரை இரக்கத்தோடு பார்த்துவிட்டு, "ரெண்டையும் திருப்பிருவோம்" என்று மற்றவர்களிடம் சொன்னாள். புன்மா அக்கா வெளியே நின்றபடி தலையை ஆட்டினாள்.

மாலையில் எண்ணினார்கள். அதிகாரி ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிக் காட்டிப் படிக்க, கரும்பலகையில் ஐந்தைந்தாகக் கோடு விழுந்தது. தொகுதி மொத்தத்தில் நூற்றுப் பதினேழு ஓட்டு வித்தியாசத்தில் ஒன்பது ஜெயித்தது.

டாக்டர் கரும்பலகைக் கோடுகளை மறுபடி எண்ணிக்கொண்டிருந்தார். சம்ருவாய் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"நீங்க சொன்னத ஒரு எழுத்து மாறாம செஞ்சிருக்காங்க. பாங்காக் ஆபீஸ்ல உங்க பேச்ச எவனாவது இப்படிக் கேட்டிருக்கானா?"

அவர் விடவில்லை. புகார் மனு ஒன்று தயாரித்தார். சீட்டைத் தலைகீழாக வைத்துக் குழம்பியவர்கள் வாக்குமூலம் கொடுத்தால் மறுதேர்தல் கேட்கலாம் என்று வக்கீல் சொன்னாராம். கையெழுத்துக்கு முதலில் போனது புன்மா அக்கா வீட்டுக்கு. திங்கட்கிழமை காலை ஆறரை மணி. தெருவில் வண்டிக்குள் சம்ருவாய். டாக்டரோடு உள்ளே போனது நான்.

முற்றத்தில் கோஷ்டி முழுவதும் இருந்தது. புன்மா அக்கா உலக்கையை வைத்துவிட்டு எழுந்து, வந்தவரைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"ஜெயிச்சதும் மொத வீடா எங்க வீட்டுக்கு வந்திருக்கு பாரு, இதாண்டி படிச்ச புள்ள. உங்க பாட்டில்ல இருக்கிற ஒம்போது ஜெயிச்சிருச்சுன்னு ரேடியோல சொன்னப்ப இவளுங்க குதிச்சத நீங்க பாக்கலையே தம்பி."

டாக்டர் மனுவை மடியில் வைத்திருந்தார். இவளுக்கு ஆறும் ஒன்பதும் தெரியாது என்று அதில் வக்கீல் மொழியில் மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தது. கையெழுத்துக்கு முன்னால் அதை அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும், முப்பது பேர் முன்னிலையில். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"நாங்க உங்களுக்குச் செஞ்சோம். நீங்க எங்களுக்கு வாய்க்கா பம்ப்ப மாத்திக் குடுங்க. ரெண்டு வருஷமா ஓடல" என்றாள் அவள்.

தெருவில் சம்ருவாய் இரண்டுதடவை ஹாரன் அடித்தாள். டாக்டரின் முதல் நாள் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

டாக்டர் மனுவைக் கவிழ்த்து வெள்ளையாக இருந்த பின்பக்கத்தை மேலே வைத்தார். என்னிடம் பேனா கேட்டார்.

"பழைய பம்ப் எத்தன குதிரசக்தி அக்கா? மெதுவா சொல்லுங்க, எழுதிக்கிறேன்."