'சும்மா இருங்க' என்றதில் வந்த வினை

சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் இடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் கூடமே அதிரும். ஆஸ்பத்திரிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளை உதறி, சூடான இஸ்திரி மெஷினுக்குள் கொடுத்து எடுப்பது அவள் வேலை. அப்படிப்பட்டவள் வேலைக்கு நடுவே இரண்டு முறை கண் இருட்டி விழுந்தாள். விழுவதற்கு முன் நெஞ்சு தறிகெட்டு ஓடியதாகச் சொன்னாள். சூப்பர்வைசர் நம்பவில்லை. லீவுக்கு அடிபோடுகிறாள் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தான்.

இதயத்துடிப்பை இரவும் பகலும் பதிவு செய்யும் சின்னப் பெட்டி ஒன்றை மாட்டிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பெட்டியை இடுப்பில் மாட்டிவிட்ட டெக்னீஷியன் பெண், "பயப்படாம சும்மா இருங்கம்மா, ஒரு வாரம் கழிச்சு வாங்க" என்றாள்.

அந்தச் 'சும்மா'தான் வினையாயிற்று. எப்போதும் போல இருங்கள் என்று அவள் சொல்ல, அசையாமல் கிடங்கள் என்று வீடு கேட்டது. மகள் அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் போனவள். மெஷின் விஷயத்தில் அவள் சொன்னதே வேதவாக்கு. லீவு போட வைத்தாள். இடியக்காவின் கையிலிருந்த துடைப்பத்தைப் புருஷன் பிடுங்கிக்கொண்டான். ஒரு வாரம் தொட்டில் பிள்ளை மாதிரிக் கிடத்தினார்கள்.

பெட்டியின் பதிவைப் பார்த்துவிட்டு, எல்லாம் சீராக இருக்கிறது, மனக்குழப்பம்தான் என்றார் டாக்டர். வேலையிடத்தில் காட்ட வேண்டிய சீட்டிலும் அப்படியே எழுதிவிட்டார். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த சூப்பர்வைசருக்கு அவல் கிடைத்தது. நடிப்புக்குப் பரிசே தரலாம் என்று கூடத்தின் நடுவில் நின்று சிரித்தான்.

அன்று வீட்டில் இடி இறங்கியது.

"நான் என்ன படுத்துக்கிட்டா மயங்கினேன்? வேலையில நின்னுதானேடி விழுந்தேன். உங்க அக்கறையைத் தூக்கித் தீயில போட."

இத்தனை படித்தும், சும்மா என்றால் என்னவென்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே என்று மகளுக்குச் சுருக்கென்றது. மறுநாள் அவளே போய் டெக்னீஷியனிடம் மன்றாடிப் பெட்டியை மறுபடி மாட்ட வைத்தாள்.

ஒயரோடு உள்ளே விடமாட்டேன் என்று சலவைக்கூட வாசலில் கையை நீட்டி மறித்தான் சூப்பர்வைசர்.

"நடிப்புன்னு சொன்னீல்ல? படம் பிடிக்கத்தான் வந்திருக்கேன், தள்ளு."

அந்த வாரம் முடிவதற்குள், ஈர விரிப்பை உதறும்போது நெஞ்சு துள்ளியது. அந்த நேரத்தைக் குறித்துவைக்கப் பெட்டியிலிருந்த பொத்தானை அழுத்திவிட்டுத்தான் சரிந்தாள்.

டாக்டரின் திரையில் சீராக வந்த கோடு ஓரிடத்தில் முள்வேலியாக மாறியிருந்தது. துடிப்பு திடீரென்று தாறுமாறாக ஓடுகிறது, உடனே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும் என்றார். அவள் முழுக்கக் கேட்டாள்.

"சேர்றேங்க. முதல்ல மனக்குழப்பம்னு எழுதினதை அடிங்க."

"அது பழைய சீட்டும்மா."

"நெஞ்சும் அதே பழைய நெஞ்சுதாங்க."

அவர் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். மகள் அவருக்கு நன்றி சொன்னாள். அறையை விட்டு வெளியே வந்ததும் அம்மா அவள் பக்கம் திரும்பினாள்.

"எதுக்குடி நன்றி? நான் விழுந்தது நெசம்னு ஒத்துக்கிட்டதுக்கா?"