சந்தை போய் இரண்டு நாள்

கடைசியாக நானும் அம்மாவும் வீட்டில் சேர்ந்து செய்த வேலை, ஒரு மஞ்சப்பையில் மாத்திரை நிரப்பியது. சனிக்கிழமை சாயங்காலம். அம்மாவின் சர்க்கரை மாத்திரை, இறந்துபோன அப்பாவின் பாதி அட்டைகள், பக்கத்து வீட்டு அன்னமேரி அக்கா கொடுத்த முட்டிவலி மாத்திரை. இரண்டு அட்டைகளில் மருந்தின் பெயரை மட்டும் கத்தரித்தேன்.

"தேதியையும் வெட்டுடி. வயசானவங்க பை அப்படித்தான் இருக்கும்" என்றார் அம்மா.

அம்மா பெயர் சம்பங்கி. வயது அறுபத்தேழு. ஓசூரில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் பத்தொன்பது வருடம் சமைத்தவர். பத்து மாதங்களாக, மாதம் ஒரு ஞாயிறு, ஒரு தனியார் மருத்துவமனையில் நோயாளியாக நடித்துப் படுத்தார். அவசரப் பிரிவு டாக்டர்கள், முதியவர்களைப் பார்க்க அவரை வைத்துப் பழகினார்கள். கூட வந்த மகளாக நான் நிற்பேன்.

போன வருடம் அப்பாவைக் காய்ச்சலோடு வேறொரு மருத்துவமனைக்கு அம்மா கொண்டுபோனார். "இது எந்த இடம்?" என்று ஓர் இளம் டாக்டர் கேட்டார். எங்கள் வீட்டு மொழி தெலுங்கு. காய்ச்சலில் அப்பாவுக்குத் தமிழ் வரவில்லை. "ஆஸ்பத்திரி காதா" என்றார். ஆஸ்பத்திரிதானே என்று அர்த்தம். சரியான பதில். அந்த டாக்டருக்குத் தெலுங்கு தெரியாது. 'பேச்சில் குழப்பம்' என்று எழுதினார். அவர் சரியாகத்தான் சொல்கிறார் என்று அம்மா சொன்னது எடுபடவில்லை. நான் ஷிப்ட் முடித்துப் போனபோது அப்பாவின் கைகளைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். நான்காம் நாள் இறந்தார். கட்டியதால் இறக்கவில்லை. இன்னொருவரை அப்படிக் கட்டக் கூடாது என்பதற்காகத்தான் அம்மா இந்தப் பயிற்சிக்கு வந்தார்.

பை நிரப்பிய மறுநாள் ஞாயிறு, சுரேந்தர் என்ற டாக்டரின் முறை. பையைக் கொட்டிப் பார்த்தார், நல்லது. பிறகு கேட்டார்.

"இன்னைக்கு என்ன கிழமை பாட்டி?"

"குந்தாரப்பள்ளி சந்தை போயி ரெண்டு நாளாச்சு."

அவர் எழுதினார். அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"என்னா எழுதுனீங்க?"

"கிழமை தெரியலைன்னு..."

"சந்தை வெள்ளிக்கிழமை. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. சரிதானே?"

"சந்தை எப்பன்னு எனக்குத் தெரியாதே பாட்டி."

"அப்ப நாளு தெரியாதது யாருக்கு சார்?"

மற்ற டாக்டர்கள் சிரித்தார்கள். சுரேந்தரும் சிரித்தார். அம்மா விடவில்லை.

"எம்பொண்ணு கம்பெனியில அளவு பாக்குற கேஜ் தப்பா இருந்தா நல்ல சாமானையும் கழிச்சிருவாங்களாம். உங்க கேள்வி அப்படி இருக்குது. இத்தனை நேரம் அவ நிக்கிறாளே, நேத்து உங்கம்மா எப்படி இருந்தாங்கன்னு அவளக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. மறுபடி முதலிலிருந்து செய்தார். இந்த முறை என்னிடம் கேட்டார்.

பயிற்சிக்குப் பொறுப்பான டாக்டர் வின்சி அம்மாவிடம் ஓர் உதவி கேட்டார். இந்தப் பக்கத்து முதியவர்களிடம் கேட்க வேண்டிய ஏழு கேள்விகளை, தமிழ், தெலுங்கு, கன்னடம் என மூன்று மொழியில், எல்லாம் தமிழ் எழுத்தில் எழுதித் தர வேண்டும். அவசரப் பிரிவின் ஒவ்வொரு கட்டிலிலும் அதை மாட்டுவதாகச் சொன்னார்.

திங்கட்கிழமை அம்மா தமிழும் தெலுங்கும் எழுதி முடித்தார். அவருக்குக் கன்னடம் பேச்சில் அரைகுறை. தளியில் இருக்கும், கன்னடம் பேசும் பழைய கேன்டீன் தோழி மாதேஸ்வரியிடம் கேட்டு எழுத வியாழக்கிழமை பஸ் ஏறுவதாக இருந்தார். செவ்வாய் காலை மாரடைப்பு வந்து இறந்தார்.

தாள் என்னிடம் இருக்கிறது. கன்னடத்துக்கு விட்ட இடத்தில், முதல் கட்டத்தில் மட்டும் பென்சில் எழுத்து: 'மாதேஸ்வரியைக் கேட்க.' கீழே ஆறு கட்டங்கள் காலி.