எட்டு வயதுக்காரி சொன்ன பேய்க்கதை

எண்பதுகளின் நடுவில் நான் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு தினமும் பாசஞ்சர் ரயிலில் போய்வந்துகொண்டிருந்தேன். அரசு அலுவலகம் ஒன்றில் டைப்பிஸ்ட் வேலை. அப்பா இறந்துவிட்டார். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். அந்த நாட்களில்தான் ஒரு பேய் நாவல் எழுதினேன்.

மெட்ராசில் மாத நாவல் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் அதை வாங்கிக்கொண்டார். ஆண் பெயர் ஒன்றை அவராகவே வைத்தார். பெண் பெயரில் பேய்க்கதை வந்தால் யாரும் பயப்பட மாட்டார்கள் என்று எழுதியிருந்தார். எனக்கு அது வசதியாகப் போயிற்று. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, ரயிலில் கூட வருகிறவர்களுக்கு நான் எழுதுவதே தெரியாது.

கதையைச் சொல்பவள் எட்டு வயதுப் பெண். அவளுடைய தம்பிக்குக் காய்ச்சல். தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் ஈரப்புடவை கட்டிய ஒருத்தி வந்து தம்பியின் நெஞ்சின்மேல் உட்கார்ந்து, தன் வெள்ளை முந்தானையை அவன் வாய்க்குள் திணிக்கிறாள். அது அந்தப் பெண்ணின் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. தம்பி செத்துப் போகிறான். கடைசி அத்தியாயத்தில், ஈரப்புடவைக்காரியின் மடியில் உட்கார்ந்துகொண்டுதான் அந்தப் பெண் இவ்வளவு நேரமும் நமக்குக் கதை சொல்லியிருக்கிறாள் என்று தெரியும்.

கட்டிவிட்ட கதைதான். ஆனால் தம்பி என்னுடைய தம்பி. அவனுக்கு அப்போது ஐந்து வயது, எனக்கு எட்டு. காய்ச்சல் வந்த இரண்டாம் நாள் அவன் கொட்டாவி விட்டபோது தொண்டைக்குள் வெள்ளையாக ஒரு துணி ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். அம்மாவிடம் சொன்னேன். பால் குடித்திருப்பான் என்றாள். அப்பாவிடம் சொன்னேன். அவர் மயிலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் மந்திரிக்கிறவரைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஏதோ காத்து கருப்பு அடித்திருக்கிறது என்று அந்த ஆள் கயிறு கட்டினார். எட்டாம் நாள் தம்பி போய்விட்டான்.

காய்ச்சல் வருவதற்கு முந்தின நாள், என் பல்பத்தை உடைத்துவிட்டான் என்று அவனிடம் 'செத்துப் போ' என்று சொல்லியிருந்தேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. நாவலின் மூன்றாவது அத்தியாயத்தில் மட்டும் எழுதினேன்.

புத்தகம் வெளிவந்த மாதம், எங்கள் பெண்கள் பெட்டியில் ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. எல்லோருக்கும் உடனே படிக்க வேண்டும். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் அதை முதுகில் கிழித்து மூன்று துண்டாக்கிவிட்டார். ஒருத்தி முடித்ததும் துண்டு எதிர் இருக்கைக்குப் போகும். முதல் துண்டு கிடைக்காதவர்கள் நடுத்துண்டிலிருந்து தொடங்கினார்கள். நான் ஜன்னலோரமாக உட்கார்ந்து அவர்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டே போனேன்.

பெட்டி இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதிக்கு அந்தப் பெண்ணை நினைத்து அழுகை. இன்னொரு பாதிக்கு அவள்மேல் கோபம். கோபக்காரர்களுக்கு டீச்சர்தான் தலைமை. அவர் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவர்.

"எட்டு வயசுப் பசங்களைத் தினம் மேய்க்கிறவ நான். இது பொய் சொல்ற பொண்ணு. பேயும் இல்லை, ஒண்ணும் இல்லை. தம்பி மேல பொறாமை. மூணாவது அத்தியாயத்துல செத்துப் போன்னு சொல்றா பாருங்க. இவளே எதையோ வாயில திணிச்சிட்டு, புடவைக்காரி மேல பழி போடுறா. எழுதின ஆளு அதைச் சொல்லாம சொல்றாரு."

இரண்டு மூன்று பேர் ஆமாம் என்றார்கள்.  இருபது வருடமாக எனக்குள் நானே சொல்லிக்கொண்டிருந்ததை ஒருவர் பேரணி ஸ்டேஷனில் வேர்க்கடலை உரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

பதிப்பாளர் வாரம் ஒருமுறை வாசகர் கடிதங்களைக் கட்டி அனுப்புவார். அவற்றிலும் இதே சண்டைதான். குழந்தை வாயில் இப்படியெல்லாம் பேச்சு வைத்தவனுக்குக் குழந்தையே பிறக்கக் கூடாது என்று ஒருவர் எழுதியிருந்தார். நாலு நாள் தூங்கவில்லை, அடுத்த நாவல் எப்போது என்று இன்னொருவர். அந்தக் கடிதங்களோடு கிளியனூரிலிருந்து ஒரு கார்டும் வந்தது. எழுதியவர் ஒரு தாய். உங்கள் கதையை வாசித்துக் காட்டியதிலிருந்து என் பெரிய மகள், தம்பியின்மேல் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்கிறாள், நாலு வயசுத் தம்பிக்கு மூச்சு இழுக்கிறது, டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டோம், மந்திரிக்க ஏற்பாடு செய்திருக்கிறோம், குழந்தைகள் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று நீங்கள் எங்கள் கண்ணைத் திறந்துவிட்டீர்கள் என்று இருந்தது.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தக் கார்டைப் படித்து நான் பெருமைப்பட்டேன். ஒரு பெண் சொன்னதை ஒரு தாய் நம்பியிருக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அதைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு, இருந்திருந்து எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருவர் எங்களோடு வருவார். நாற்பது வயதிருக்கும். அதிகம் பேச மாட்டார். மூன்று துண்டுகளும் அவரிடம் கடைசியாகத்தான் வந்தன. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், வீடு திரும்பும் ரயிலில், விக்கிரவாண்டி தாண்டியதும் கடைசிப் பக்கத்தை முடித்து மூடினார். டீச்சர் விடவில்லை.

"நீங்க சொல்லுங்க சிஸ்டர். அந்தப் பொண்ணு பொய்தானே சொல்றா?"

"பொய் சொல்லலை டீச்சர். அவ ஒருத்திதான் சரியா பார்த்திருக்கிறா."

"அப்ப பேய் நெஜம்ன்றீங்களா?"

"பேய் இன்னாத்துக்கு? தொண்டையில வெள்ளையா தோலு படர்ந்திருக்குது. கழுத்து வீங்கியிருக்குது. தண்ணி குடிச்சா மூக்கு வழியா வருது. வாய் நாத்தம்னு வேற எழுதியிருக்கு. இது தொண்டை அடைப்பான், டிப்தீரியா. இப்படிப் புள்ளைங்களை நான் வார்டுல பார்த்திருக்கிறேன். எழுதினவருக்கே அது தெரியலைன்னு நினைக்கிறேன். அவரு பேய்னுதான் நம்புறாரு."

டீச்சர் உதட்டைப் பிதுக்கிவிட்டு வேறு பக்கம் திரும்பினார். நான் எழுந்து நர்ஸ் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தண்ணீர் மூக்கு வழியாக வந்ததை நான் கற்பனை செய்து எழுதவில்லை. தம்பிக்கு நான்தான் டம்ளரைப் பிடித்தேன்.

"அக்கா, அந்த நோவு வந்தா பொழைக்க மாட்டாங்களா?"

"ரெண்டாம் நாளு, மூணாம் நாளு கூட்டிக்கினு வந்தா ஊசி போடலாம். முக்காவாசி பொழைச்சிடும். லேட் பண்ணாத்தான் கஷ்டம்."

இரண்டாம் நாள்தான் நான் பார்த்தேன். இரண்டாம் நாளே சொன்னேன். ரயில் போய்க்கொண்டிருந்தது. டீச்சர் சொன்னது உண்மையாக இருந்தால் நான் கொலைகாரி. நர்ஸ் சொன்னது உண்மையென்றால் நான் நிரபராதி, ஆனால் தம்பி பிழைத்திருப்பான். இதில் எது எனக்கு வேண்டும் என்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பைக்குள் இருக்கும் கார்டு நினைவுக்கு வந்தது.

எடுத்து நர்ஸிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இது எப்படி உங்கிட்ட வந்தது?"

"எழுதினது நான்தான்க்கா."

 அவர் கார்டில் இருந்த தபால் முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பத்து நாள் ஆகியிருந்தது. "பத்து நாளாச்சே" என்று மட்டும் சொன்னார்.

திண்டிவனத்தில் இறங்கியதும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனோம். பாண்டிச்சேரி பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. உட்கார இடமில்லை. வழி முழுக்க நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் வேண்டிக்கொண்டேன். அந்த வீட்டு வாசலில் கூட்டம் இருக்கக் கூடாது.

கிளியனூரில் டீக்கடையில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். ஓட்டு வீடு. கூட்டம் இல்லை. ஒரு பெண் குழந்தை வாசலில் உட்கார்ந்திருந்தது. உள்ளே பாயில் பையன் படுத்திருந்தான், உயிரோடு. ஆனால் ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு இடையில் தோல் குழிந்தது. கழுத்தில் கயிறு, நெற்றி நிறைய சாம்பல். நர்ஸ் கேட்காமலேயே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். முதுகில் காதை வைத்துக் கேட்டார்.

"தொண்டையில ஒண்ணும் இல்லை. நெஞ்சுல சளி கட்டியிருக்குது. ஆனா இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்மா. நாளைக்குன்னு வச்சிக்கக் கூடாது."

அந்தத் தாய்க்கு முப்பது வயதுகூட இருக்காது. பையனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"யாரு நீங்க? நாளைக்கு மூணாவது தடவை மந்திரிக்கணும். நடுவுல ஊசி போட்டா எல்லாம் வீணாப்பூடும்னு சொல்லியிருக்கிறாங்க."

"அந்தக் கதை எழுதினது நான்தாங்க" என்றேன்.

"அது ஆம்பள பேருங்க."

"பேரு மட்டும்தான் ஆம்பள பேரு. எழுதினது நான். அதுல வர்ற புடவைக்காரி நெஜம் இல்லைங்க. நானா கட்டினது."

"நெஜம் இல்லாததை இன்னாத்துக்குங்க எழுதினீங்க? எம் பொண்ணு அதைக் கேட்டுத்தானே சொல்லுது?"

  நான் தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். அவள் திடுக்கிட்டுக் காலை இழுத்தாள்.

"எனக்குத் தம்பி இருந்தான். அவன் செத்தது மட்டும் நெஜம். எட்டாம் நாள் வரைக்கும் கயிறு கட்டியே வச்சிருந்தோம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலை. அதை அப்படியே எழுத எனக்குத் தைரியம் இல்லைங்க. அதனால பேயை எழுதிட்டேன்."

இதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் என்னையும் நர்ஸையும் மாறி மாறிப் பார்த்தாள். நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. வாசலில் இருந்த பெண் எப்போது உள்ளே வந்தாள் என்று நான் கவனிக்கவில்லை. அம்மாவின் தோளைத் தொட்டாள்.

"எம்மா, நான் யாரையும் பார்க்கலைம்மா. புக்குல வந்ததாலதான் சொன்னேன். தம்பியைக் கூட்டிக்கினு போலாம்மா."

அந்தத் தாய் மகளைப் பளாரென்று ஒரு அறை அறைந்தாள். உடனே அவளையே கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு பையனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். நர்ஸ் அவர்களோடு பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறினார். நான் பெண்ணைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பினேன். நான் கிளம்பும்வரை அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பையன் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். பிழைத்துக்கொண்டான். நர்ஸ்தான் வந்து சொன்னார். அடுத்த மாதம் வந்த கடிதங்களில் அந்தத் தாயின் இன்னொரு கார்டு இருந்தது. இந்த மாதிரிப் புத்தகங்களை இனிமேல் அச்சடிக்காதீர்கள், இது குடும்பங்களைக் கெடுக்கிறது என்று பதிப்பாளருக்கு எழுதியிருந்தாள். பதிப்பாளர் அதன் ஓரத்தில், இரண்டாம் பாகம் கேட்டு நிறைய பேர் எழுதுகிறார்கள், இதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று குறித்து அனுப்பியிருந்தார். நான் இரண்டாம் பாகம் எழுதவில்லை. அந்த ஆண் பெயரில் வேறெதுவும் எழுதவும் இல்லை.

கிளியனூரிலிருந்து நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா முறத்தை வைத்துக்கொண்டு வேர்க்கடலையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டாள். தெரிந்தவர் வீட்டில் ஒரு பையனுக்கு உடம்பு சரியில்லை, கயிறு கட்டி வைத்திருந்தார்கள், ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வருகிறேன் என்றேன்.

"இன்னா நோவு?"

"நெஞ்சுல சளிம்மா."

"காத்து இல்லையா?"

"இல்லைம்மா."

 அம்மாவின் கை முறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு தலை நிமிராமலே கேட்டாள்.

"அப்ப நம்ம புள்ளைக்கும் நோவுதானா?"

இருபது வருடத்தில் அவள் தம்பியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டது அன்றைக்குத்தான். நர்ஸ் சொன்னது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. ஊசி, இரண்டாம் நாள், முக்கால்வாசி. அம்மாவின் விரல்கள் நின்றுவிட்டதைப் பார்த்தேன்.

"இல்லைம்மா. அது வேற. அது காத்துதான்" என்றேன்.

அம்மா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு முறத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, சோறு போட எழுந்து போனாள். நான் சொன்னதை நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகும் பல வருடம் இருந்தாள், மறுபடி அதைக் கேட்கவேயில்லை.